கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சைக்கிள் யாத்திரை

இத்தாலியின் டஸ்கனி நாட்டிலும் பிரான்ஸின் பர்கண்டி நாட்டிலும், திராட்சைத் தோட்டங்களினூடும் பழம்பெரும் ஊர்களினூடும் வழிகாட்டி ஒருவர் முன்செல்லத் துவிசக்கர வண்டியேறித் திரிதல் மேனாட்டார் விரும்பும் விடுமுறைப் போக்காம். அவ்வின்பத்தை அருகிலே நாடுவார்க்குக் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கின்றது. சென்ற விடுமுறையில் மாணவர் அறுவர் அங்கு நான்கு நாள் சுற்றினோம். எமக்கு வழிகாட்டியாய் அமைந்தவர் கோம்பையிற் பிறந்து எமது கல்லூரியிற் பயின்ற அண்ணன் ஒருவர்.

தேனியிற் புறப்பட்டு முதல் நாள் சின்னமனூர் சேர்ந்தோம். மதுரையிற் சங்கம் நிறுவியதையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் கூறும் பாண்டியர் செப்பேடு இவ்வூர்ப் பெயராலேயே வழங்குகின்றது. சரித்திர நூலிற் கண்ட பெயரை, வாழைக்குலைகள் லாரியேறும் கடைத்தெருவிற் காண்பதும் ஒரு விநோதமே.

உத்தமபாளையத்தருகே ஒரு பாறையிற் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாய்ச் செதுக்கப்பட்டுள்ளன. உடன் வட்டெழுத்துச் சாசனங்களும் உள. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்டன அவை. பாறையின் அடியிலோ கருப்பணசாமி கோயில்! முனிவர் நீங்கிய பின்னர் அவ்விடத்தைக் கருப்பர் காவல் ஏற்றார் போலும்.

கூடலூர் கடந்து லோயர்கேம்ப் வரையும் சென்றோம். மேற்கே கடலை நோக்கி ஓடிய பெரியாற்றை 1895-ஆம் ஆண்டில் முடிவுற்ற அணையால் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பென்னிகுயிக் துரை. அந்நீர் இறங்கும் ஓசையைக் கேட்டு நின்றபோது அண்ணன், “இந்தத் தண்ணீர் இல்லையேல் நீங்கள் பார்த்துவந்த பசுமை ஏது?” என்றார்.

மூன்றாம் நாள் மாலை கோம்பையை அடைந்தோம். மலையடிவாரத்து ஊர். மேலே கேரள எல்லையில் இராமக்கல்மேடு தெரிகின்றது. செவலை நிறமும் கரிய முகமும் உடைய கோம்பை நாய் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போனது. அண்ணன் வீட்டு நாய் எம் அறுவரையும் திண்ணை ஏறவிடாது நெடுநேரம் நிறுத்திவைத்தமையின், அப்புகழில் எமக்கு ஐயமில்லை.

அவர் தந்தையாருக்கு ஊர்ப்புறத்தே பன்னீர்த் திராட்சைத் தோட்டம் ஒன்றுண்டு. இத்திராட்சையைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்பர். 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. மேனாட்டிலே திராட்சை மதுவாகிப் பீப்பாயில் ஆண்டுக்கணக்காய்த் தங்கும். இங்கே பெரும்பாலும் உண்ணும் கனியாகவே சந்தைக்குப் போவதால், பறித்த கனி காத்திராது. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலின்கீழ்த் தலைகுனிந்து நடந்தோம். கருநீலக் குலைகள் தலையில் உராய்ந்தன. கவாத்துச் செய்து ஏறக்குறைய நான்கு மாதங்களில் அறுவடையாம். சென்ற போகம் மழையிற் போயிற்று, கடன் நின்றது. “இம்முறையும் போனால் கல்லைப் பிடுங்கி விற்றுவிடுவேன் தம்பிமாரே” என்று பெரியவர் நகைத்தார். அண்ணன் நகைக்கவில்லை.

மறுநாள் பண்ணைப்புரம், தேவாரம் வழியாய்ப் போடிநாயக்கனூர் சென்று இரயிலேறுவதாக ஏற்பாடு. விடியலில் மேற்குமலை மறையும்படி கார்மேகம் கவிந்தது. கனிந்த பன்னீர்த் திராட்சையின் தோல் மெல்லியது. மழை பட்டால் வெடிக்கும், பின் அழுகும். அண்ணன் ஒன்றும் கூறாது கத்தரிக்கோலுடன் தோட்டத்திற்கு ஏகினார். யாமும் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பின்தொடர்ந்தோம்.

காம்பைப் பிடித்து நறுக்கவேண்டும். கனிமேல் விரல் படின் அதன் வெண்பூச்சு அழியும், விலை குறையும். இதைக் கற்கவே எமக்கு அரைமணி சென்றது. வந்திருந்த பெண்கள் எம்மினும் மும்மடங்கு விரைவில் நறுக்கினர். எம் வேகத்தைக் கண்டு சிரிக்கவும் நேரம் கண்டனர். கழுத்து நொந்தது, கையெல்லாம் பிசுபிசுத்தது. பத்து மணியளவில் தூறல் தொடங்கிற்று. முக்காற் பந்தல் முடிந்திருந்தது. கடைசிப் பெட்டியின்மேல் தார்ப்பாய் இழுத்த சிறிது நேரத்தில் மழை கொட்டியது.

வியாபாரி தொலைபேசியிற் கூறிய விலை முன்பு பேசியதினும் குறைவு. அண்ணன் தாளிற் கணக்கிட்டுத் தந்தையார் கையிற் கொடுத்தார். வட்டி அடைந்து முதலிலும் ஒரு பங்கு தீரும். பெரியவர் அதனை இருமுறை நோக்கினார். நனைந்து நின்ற கால்வாசிப் பந்தலையும் நோக்கினார்.

“கவாத்துக்கு ஆள் சொல்லிவிட்டாயா?” என்றார்.

மழை விட்டபின் சைக்கிளேறினோம். இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்தில் தேநீர் அருந்தவும் நேரமின்றி விரைந்து, போடியில் மாலை வண்டியைப் பிடித்தோம்.