தூண் போனது, பூ இருக்கிறது

வெற்றி என்றால் என்ன? ஒரு கோட்டை, ஒரு கரகம், ஒரு சிலை, ஒரு கைக்கடிகாரம் - பெங்களூர் சொல்லும் நான்கு கதைகள்

விடிய இன்னும் நேரம் இருக்கிறது. கே.ஆர். மார்க்கெட் எப்போதோ விழித்துவிட்டது. லாரிகளிலிருந்தும் டெம்போக்களிலிருந்தும் மூட்டை மூட்டையாகச் சேவந்தி இறங்குகிறது. மல்லிகை ஒரு பக்கம், கனகாம்பரம் ஒரு பக்கம், ரோஜாக் கட்டுகள் ஒரு பக்கம். பேரம் கன்னடத்தில் தொடங்கி, தமிழில் சூடுபிடித்து, உருதுவிலோ தெலுங்கிலோ முடிகிறது. இங்கே வாங்கப்படும் பூவில் ஒரு பங்கு கோயிலுக்குப் போகும். ஒரு பங்கு கல்யாண மண்டபத்துக்கு. தேர்தல் முடிந்த மறுநாள் என்றால், ஜெயித்தவர் கழுத்துக்கு.

மார்க்கெட்டிலிருந்து சில நிமிட நடையில் பெங்களூர்க் கோட்டை. 1537இல் கெம்பே கௌடா மண்ணால் எழுப்பியதை 1761இல் ஹைதர் அலி கல்லால் கட்டினார். இப்போது மிஞ்சியிருப்பது டில்லி கேட் என்ற வாசலும் கொஞ்சம் மதிலும்தான். பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மதிலில் ஒரு கல் பலகை பதிந்திருக்கிறது. 1791 மார்ச் 21 அன்று ஆங்கிலேயப் படை இந்தப் பிளவு வழியாகத்தான் உள்ளே புகுந்தது என்று அது அறிவிக்கிறது.

அந்தப் படையை நடத்தியவர் கார்ன்வாலிஸ் பிரபு. பத்து ஆண்டுகளுக்கு முன், 1781இல், அமெரிக்காவின் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்தது இவருடைய படைதான். அங்கே போன மானத்தை இங்கே மீட்டுக்கொண்டார். சென்னைவாசிகள் பணம் திரட்டி அவருக்குப் பெரிய பளிங்குச் சிலை செய்தார்கள். திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி அதன் பீடத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. தோற்றவனின் குழந்தைகளைக் கூட விட்டுவைக்காத வெற்றிச் சின்னம் அது. இப்போது புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குள் நிற்கிறது.

பெங்களூரிலும் ஒரு சின்னம் இருந்தது. அந்தப் போரில் இறந்த ஆங்கிலேயப் படையினருக்காக எழுப்பிய நினைவுத் தூண். அது நின்ற சாலைக்கு செனடாஃப் ரோடு என்றே பெயர். 1964இல் எதிர்ப்பு வலுத்ததும் தூண் அகற்றப்பட்டது. சாலைக்கு இப்போது நிருபதுங்கா என்ற ராஷ்டிரகூட மன்னனின் பெயர். தூண் நின்ற இடம் எது என்று இன்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் விழிப்பார்கள்.

கோட்டையைக் காத்து நின்ற கில்லேதார் பகதூர் கான் சண்டையிலேயே மாண்டார். அவர் வீரத்தை எதிரிகளே மதித்து எழுதினார்கள். மார்க்கெட் அருகே சிறிய தர்கா ஒன்று இருக்கிறது. அங்கே அடங்கியிருப்பவர் அவர்தான் என்பது பேட்டைவாசிகளின் நம்பிக்கை. கடை திறக்கப் போகிற வியாபாரி, மதம் பார்க்காமல், அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகிறார்.

வென்றவரின் தூண் போய்விட்டது. தோற்றவருக்குப் பூ விழுந்துகொண்டிருக்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவ்வளவு உயிரைக் கொடுத்துப் பிடித்த ஊர், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் திப்புவிடமே திரும்பிப் போனது.

கை படாத குடம்

கோட்டையை விட்டுப் பேட்டைக்குள் நடந்தால், நகரத்பேட்டை சந்துகளுக்கு நடுவே தர்மராய சுவாமி கோயில். தர்மராஜர் பெயரில் கோயில், ஆனால் ஆட்சி திரௌபதியுடையது. சித்திரா பௌர்ணமியை ஒட்டி இங்கே நடக்கும் கரகம்தான் பழைய பெங்களூரின் பெரிய திருவிழா. நடத்துகிறவர்கள் திகளர்கள். தோட்டக் கலையில் பேர்போன இந்தச் சமூகத்தின் வேர் தமிழ் மண்ணில் இருக்கிறது. செஞ்சி, ஆற்காடு பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கூத்தும் தீமிதியும் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கரகம் அன்னியமாகத் தெரியாது.

இதன் பின்னாலும் ஒரு வெற்றிக் கதை. பாரதப் போர் முடிந்து, பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு நடக்கிறார்கள். வழியில் திரௌபதி மயங்கி விழுகிறாள். கண் விழிக்கும்போது எதிரே திமிராசுரன். அவள் சக்தி வடிவம் எடுக்கிறாள், வீரகுமாரர்கள் என்ற படையைப் படைக்கிறாள், அசுரனை முடிக்கிறாள். அதோடு கதை முடியவில்லை. "எங்களை விட்டுப் போகாதே" என்று வீரகுமாரர்கள் அழுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாள். திருவிழா கொண்டாடுவது அசுரன் விழுந்ததை விட, அவள் அந்த வாக்கைக் காப்பதைத்தான்.

அந்த வாக்கைத் தலையில் சுமப்பவர் ஓர் ஆண். சேலை கட்டி, வளையல் போட்டு, மனைவியின் தாலியைத் தான் அணிந்துகொண்டு, மல்லிகையால் மூடிய கரகத்தோடு நள்ளிரவுக்கு மேல் கோயிலை விட்டு வெளியே வருகிறார். அந்த நாட்களில் மனைவி அவர் கண்ணில் படாமல் ஒதுங்கியிருக்கிறாள். சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். கரகத்தைக் கையால் பிடிக்கக் கூடாது. கரகம் விழுந்தால் அந்த வாள்களே சுமப்பவர் மேல் பாய வேண்டும் என்பது பழைய விதி. விடியும்வரை பேட்டை முழுக்க நடந்து, குடம் அசையாமல் கோயிலுக்குத் திரும்ப வேண்டும். யாரையும் அடித்து வீழ்த்தாத வெற்றி இது. விழாமல் நடந்தால் போதும், ஆனால் ஆண்டுதோறும் நடக்க வேண்டும்.

வழியில் கரகம் காட்டன்பேட்டையில் ஹஜரத் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குப் போகிறது. 2022 ஏப்ரலில் இதற்குச் சோதனை வந்தது. கரகம் தர்காவுக்குப் போகக் கூடாது என்று சில அமைப்புகள் குரல் எழுப்பின. கோயில் தரப்பு வழக்கத்தை விட முடியாது என்றது. தர்கா தரப்பு வரவேற்கக் காத்திருந்தது. அந்த இரவும் கரகம் போனது. பேட்டை மக்களுக்கு அதுதான் அந்த ஆண்டின் வெற்றி. சிலர் அதைத் தோல்வி என்றும் நினைத்திருக்கலாம். வெற்றி எது என்பதில் ஒரு நகரத்துக்குள்ளேயே இப்படி இரண்டு கணக்கு இருக்கிறது.

சாக்குக்குள் 18 ஆண்டுகள்

பேட்டையிலிருந்து கிழக்கே போனால் கண்டோன்மென்ட். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பட்டாளத்தின் பின்னால் தமிழர்கள் குடியேறிய பகுதி. இங்கே அல்சூர் ஏரியின் எதிரே திருவள்ளுவர் உட்கார்ந்திருக்கிறார். காலை நடைக்கு வருகிறவர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்கிறார்கள். ஏரியில் படகு போகிறது. இந்த அமைதியைப் பார்த்தால், இந்தச் சிலை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்தது என்று யாரும் நம்பமாட்டார்கள்.

பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1991இல் சிலையைத் திறக்க நாள் பார்த்தது. கன்னட அமைப்புகள் எதிர்த்தன. திறப்பு நின்றது. அதே ஆண்டு காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு வந்தது. டிசம்பரில் நகரம் எரிந்தது. தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, உயிர்கள் போயின. பலர் எல்லை தாண்டி ஓடினார்கள். வள்ளுவர் மட்டும் சாக்கு மூட்டைக்குள் அங்கேயே இருந்தார். வீதியில் தமிழ் பேசத் தயங்கியவர்களுக்கு அந்த மூட்டை தங்கள் நிலையின் படமாகவே தெரிந்திருக்க வேண்டும்.

முடிச்சு அவிழ்ந்தது 2009இல். ஆகஸ்ட் 9 அன்று, பலத்த போலீஸ் காவலுக்கு நடுவே, கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் தமிழக முதல்வர் கருணாநிதி சிலையைத் திறந்தார். நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையை எடியூரப்பா திறந்தார். ஈரடியில் உலகத்தை அளந்தவர் இங்கே, மூன்றடியில் அளந்தவர் அங்கே. இது அரசியல் பேரம் என்று அன்று முணுமுணுத்தவர்கள் உண்டு. பேரம்தான். கே.ஆர். மார்க்கெட்டில் நடப்பதும் பேரம்தான். இரண்டு பக்கமும் ஏதாவது கையில் எடுத்துக்கொண்டு போனால் அதில் குறை என்ன?

1991இல் போலீசை நிறுத்தி வைத்தே சிலையைத் திறந்திருந்தால்? தமிழர்கள் வென்றோம் என்று சொல்லியிருப்பார்கள். மறுநாள் யார் காவல் இருப்பது? 2016 செப்டம்பரில் காவிரிக்காக மறுபடியும் நகரம் கொதித்தது. தமிழகப் பதிவெண் கொண்ட பஸ்கள் பணிமனையிலேயே எரிந்தன. ஏரிக்கரை வள்ளுவர் தப்பினார். அவரைக் காத்ததில் போலீசுக்குப் பங்கு உண்டு. அயனாவரத்தில் உட்கார்ந்திருக்கும் சர்வக்ஞருக்கும் பங்கு இருக்க வேண்டும்.

கடைசியாக ஓடிய முள்

கோயிலும் மொழியும் நூற்றாண்டுக் கணக்கில் காத்திருக்கும். வியாபாரம் காத்திருக்காது. அதைப் பார்க்க நகரின் வடக்கே ஜாலஹள்ளிக்குப் போக வேண்டும்.

எச்.எம்.டி. என்ற மூன்றெழுத்து ஒரு காலத்தில் பெங்களூரின் இன்னொரு பெயர். 1953இல் இயந்திரங்கள் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம், 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்துக் கைக்கடிகாரத்தில் இறங்கியது. ஜனதா, பைலட், காஞ்சன். பரீட்சையில் தேறிய மகனுக்கும், மணையில் உட்கார்ந்த மாப்பிள்ளைக்கும், ஓய்வு பெறும் வாத்தியாருக்கும் அதுதான் பரிசு. தினமும் காலையில் சாவி கொடுப்பது பல வீடுகளில் பல் தேய்ப்பது போல ஒரு பழக்கம்.

உலகம் இதற்குள் மாறிவிட்டது. 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலே ஆட்டம் கண்டது. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்து பார்த்தது. ஆனால் சாவிக் கடிகாரமே சக்கைப்போடு போடும்போது, அதை விட்டு நகர மனம் வரவில்லை. வெற்றி கண்ணை மறைப்பது இப்படித்தான்.

1984இல் டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. தொழிற்சாலை எல்லைக்கு அந்தப் பக்கம் ஓசூரில். அது முழுக்கக் குவார்ட்ஸை நம்பி இறங்கியது. எச்.எம்.டி.யில் தொழில் கற்றவர்கள் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். போட்டியாளன் பள்ளியில் படித்தே போட்டியாளனை வென்ற கதை. எச்.எம்.டி. வாட்சஸ் நஷ்டத்தில் அமிழ்ந்தது. 2016 ஜனவரியில் அதை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

வென்ற டைட்டன் இன்று என்ன செய்கிறது? எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏரிக்கரையில் அதன் தலைமையகம். கடிகாரம் இன்னும் விற்கிறது. ஆனால் வருவாயில் பெரும் பங்கு தனிஷ்க் நகையிலிருந்து வருகிறது. குவார்ட்ஸ் சாவியை வென்றது. மணி பார்க்கும் வேலையைச் செல்போன் பறித்துக்கொண்டது. நிறுவனம் பிழைத்ததற்குக் காரணம், கடிகாரத்தில் வென்றதோடு அது உட்கார்ந்துவிடவில்லை என்பதுதான். வியாபாரத்தில் வெற்றிக்கு ஆயுள் குறைவு. பெங்களூரில் இதைப் புரிந்துகொள்ளாமல் பளபளத்து மங்கிய கம்பெனிகளுக்குக் கணக்கே இல்லை.

ஜாலஹள்ளியில் 2019இல் எச்.எம்.டி. அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அந்தக் காலத்து ஜனதாக்களும் பைலட்டுகளும் அங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன. அப்பாவின் கையில் பார்த்த அதே முகத்தைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய எச்.எம்.டி.யை நல்ல விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். தோற்றதற்கு மரியாதை செய்யும் பகதூர் கான் காலத்து வழக்கம் இங்கேயும் தொடர்கிறது. ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த மரியாதை சம்பளம் ஆகாது. அதுவும் உண்மை.

பேட்டைக்குத் திரும்பினால் வெயில் ஏறிவிட்டது. மார்க்கெட்டில் காலைப் பேரம் ஓய்ந்து, மிச்சப் பூவை அள்ளி விலை பேசுகிறார்கள். இன்று வாங்கிய மாலை நாளை வாடிவிடும். ஜெயித்தவர் கழுத்துக்குப் போட்டதும் வாடும், தர்காவில் போட்டதும் வாடும். கடைக்காரருக்கு அதில் வருத்தம் இல்லை. அம்மனுக்கும் மஸ்தானுக்கும் நாளைக்கும் பூ வேண்டும். அந்த மூட்டைகள் விடியுமுன் வந்து இறங்கிவிடும்.