சந்தா பாக்கி

போன ஞாயிறு எங்கள் பங்கில் பிரசங்கம் மறுபடியும் கோயிலுக்கு வராதவர்களைப் பற்றி. வராதவர்களுக்கு விழும் திட்டை உட்கார்ந்து கேட்பவர்கள் எல்லாம் வந்தவர்கள்தான். பல வருடமாக இந்த வேடிக்கையைப் பார்க்கிறேன். "நம்மை ஏன் கோபிக்கிறார்?" என்று என் மனைவி காதைக் கடித்தாள்.

பூசை முடிந்து பங்குப் பேரவை கூடியது. யூடியூபில் நேரலை, வாட்ஸ்அப் குழு, இளைஞர்களுக்கு கிதார் வைத்துப் பாட்டு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நல்லதுதான். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் சிலரைப் போல நானும் பிரெஞ்சில் படித்தவன். பள்ளியில் கத்தெசீம் பிரெஞ்சில் மனப்பாடம், கோயிலில் பூசை லத்தீனில், வீட்டில் செபமாலை தமிழில். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் முடிந்தது. அதை ஒட்டிய வருடங்களில்தான் பூசை முழுக்கத் தமிழுக்கு வந்தது. ஒரு வார்த்தை புரியாத லத்தீன் பூசைக்கு முந்திப் போகாவிட்டால் உட்கார இடம் கிடைக்காது. ஆகவே, புரியும்படி செய்தால் கூட்டம் வரும் என்று யாராவது சொன்னால் நான் சிரித்துக்கொள்வேன். நரக பயமும் இருந்தது, மறைப்பானேன். ஆனால் அது மட்டுமில்லை. நாங்கள் ஒரு ஞாயிறு போகாவிட்டால் செவ்வாய்க்கிழமைக்குள் உபதேசியாரின் சைக்கிள் வாசலில் நிற்கும். "என்னம்மா, பிள்ளைக்கு ஜுரமா?" என்பார். காப்பி குடிப்பார், கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசுவார், போய்விடுவார். பூசை என்ற சொல்லே அவர் வாயில் வராது.

2010-இல் நான் ஓய்வு பெற்றதும் பங்கின் குடும்ப அட்டைகளையும் சந்தாப் பேரேட்டையும் என்னிடம் கொடுத்தார்கள். அரசாங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்த கை. நிலுவை வைத்தவர்களுக்கு சிவப்பு மை, செலுத்தியவர்களுக்கு நீலம் என்று அழகாக எழுதி வைத்தேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள்.

ஒரு மாலை ஓர் இளைஞர், மனைவி, மூன்று மாதக் கைக்குழந்தையோடு வந்தார். பெங்களூரில் வேலை. பிள்ளைக்கு இங்கே, அப்பாவின் கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமாம். நான் பேரேட்டைத் திறந்தேன். அப்பா இறந்ததிலிருந்து நான்கு வருட பாக்கி. மாதம் 20 ரூபாய் வீதம் 960.

"பாக்கியைக் கட்டிட்டு வாங்க தம்பி, சாமியாருக்கு எழுதிக் கொடுக்கறேன்" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். "சரிங்க ஐயா" என்று எழுந்தார். அப்புறம் வரவில்லை. சந்தா பாக்கிக்காக ஞானஸ்நானத்தை நிறுத்தச் சொல்லித் திருச்சபைச் சட்டத்தில் எங்கும் இல்லை. அது எனக்கு அன்றைக்கும் தெரியும்.

சென்ற நவம்பர் 2, கல்லறைத் திருநாள். வருடம் முழுவதும் கோயில் பக்கம் எட்டிப் பார்க்காத குடும்பங்கள் அன்று கல்லறைக்கு வந்துவிடும். முதல் வாரமே ஆள் வைத்து வெள்ளையடித்து, சாமந்தியும் மெழுகுவர்த்தியுமாக வருவார்கள். இவர்களையா நாம் விசுவாசம் போனவர்கள் என்கிறோம்? அந்தக் கூட்டத்தில் அவர் நின்றார். பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பெண். வருடந்தோறும் இரவு பஸ் பிடித்து வருகிறாராம்.

அவருடைய அப்பா என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். அதைச் சொன்னேன். மத்தியானம் தன் மீன் குழம்பைப் பாதி எனக்குக் கொடுப்பார் என்றும் சொன்னேன். "தாத்தாவை உங்களுக்குத் தெரியுமா?" என்று அந்தப் பெண் கேட்டது. அன்று மாலை நான் பேரேட்டைத் திறப்பதற்கு முன்னால் இதைச் சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்பு கேட்டேன். "விடுங்க ஐயா" என்றார். ஞானஸ்நானம் ஆயிற்றா என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

கல்லறை வாசலில் அன்று எங்கள் பங்கு ஒரு மேசை போட்டிருந்தது, ரசீது புத்தகத்தோடு. அடுத்த பேரவையில் நான் பேசப் போவது அந்த மேசையைப் பற்றித்தான். அதை எடுத்துவிடுங்கள். அன்பியத்துக்காரர்கள் நான்கு பேர் உள்ளே போய், தெரிந்தவர்களின் கல்லறைப் பக்கத்தில் சும்மா நிற்கட்டும். அன்பியக் கூட்டத்துக்கும் அதே எட்டுப் பேர்தான் வருகிறோம். மற்றவர்களுக்கு, "ஏன் போன மாதம் வரலை?" என்று நாம் கேட்போமே என்ற பயம். அவர்கள் வீட்டில் ஜுரம் என்றால், வேலை போயிற்று என்றால், அன்றைக்குப் போவோம். கையில் காகிதம் எதுவும் வேண்டாம்.

டிசம்பரில் அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். அவர் அப்பாவும் நானும் இருக்கும் அலுவலகப் படம் ஒன்று இருக்கிறது, அனுப்பட்டுமா என்றேன். "நேர்ல வந்து வாங்கிக்கறேன் ஐயா, பாப்பாவும் வரும்" என்றார். எப்போது என்று சொல்லவில்லை. படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.