பன்னிரண்டில் ஒரு பங்கு

சென்ற மூன்று மாதங்களாக, மாலை நேரங்களில், நான் ஒரு வீடு கட்டி வருகிறேன். அகலம் ஓர் அடி, நீளம் ஒன்றரை அடி. ஐஸ்கிரீம் குச்சிகளைச் சீவி அடுக்கிய பலகைச் சுவர். குளிர்பான டின்னை வெட்டி, மடிப்பு மடிப்பாக அழுத்திச் செய்த தகரக் கூரை. பேத்தியின் நவராத்திரிக் கொலுவில், பூங்காவும் தெப்பக்குளமும் அமைக்கும் இடத்தில் வைப்பதற்காக என்று வீட்டாரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான் என்றாலும் முழு உண்மையன்று. கிம்மாஸிலிருந்து புறப்பட்டு 1909ஆம் ஆண்டில் ஜொகூர் பாருவை எட்டிய ரயில் பாதையில், லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே உள்ள எங்கள் பெக்கோக்கைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களுள் ஒன்றில், நான் பிறந்து வளர்ந்த தொழிலாளர் லயத்து வீட்டை, அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், என் ஞாபகம் மங்குவதற்குள் மறுபடியும் எழுப்பிவிட வேண்டும் என்பதே என் உள்ளத்தில் கிடந்த ஆசை.

சின்னஞ்சிறு வீட்டில் மனத்தைப் பறிகொடுப்பது நம்மவருக்குப் புதிதன்று. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றில் ஒன்று. தாங்கள் மணலில் கட்டிய வீட்டைக் காலால் அழித்துவிடாதே என்று சிறுமியர் பாட்டுடைத் தலைவனாகிய பாலகனிடம் இறைஞ்சுவதே அப்பருவத்தின் பொருள். திருநெல்வேலிச் சீமையில் பெண்குழந்தைகளுக்கென்று சிறுவீடு கட்டி, தை மாதத்தில் அதன் முன்னே பொங்கலிடும் வழக்கம் உண்டு. மேல்நாட்டிலோ, புது தில்லியை வகுத்த கட்டடச் சிற்பியாகிய எட்வின் லட்யன்ஸ், மேரி மகாராணிக்காக 1921 முதல் 1924 வரை இதே பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் ஒரு பொம்மை மாளிகையை நிர்மாணித்தார். அதில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மின்விளக்கும் எரியும். மாளிகையைச் சுருக்கி வைத்துப் பார்க்கிறவர்கள் அதன் வைபவத்தைக் கண்டு வியக்கிறார்கள். ஆயினும், ஒரு குடும்பம் முழுவதும் உண்டு உறங்கி, அழுது சிரித்த ஓர் எளிய அறையும் அவ்வாறே பேணி வைக்கத்தக்கதுதான் என்பது என் சித்தாந்தம்.

ஆனால் என் வீட்டில் ஒரு முரண் இருக்கிறது. அதன் அடுப்படியில், மேற்குச் சுவரின் உச்சியில், சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம் வைத்திருக்கிறேன். நாங்கள் வாழ்ந்த லயத்தில் கண்ணாடி என்பது முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றுதான். ஜன்னலுக்குப் பலகைக் கதவு, அதற்கு மேலே காற்று வருவதற்காகக் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் அடித்த ஓர் இடைவெளி. சீனர் மளிகைக் கடையில் வாங்கிய மிட்டாய்களைச் சுற்றியிருந்த கண்ணாடித் தாள்களை நீவி நீவிச் சேர்த்துவைத்து, சோற்றுப் பசை தடவி, அந்தச் சட்டங்களின் கட்டங்களில் நான் ஒட்டினேன். அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். மிட்டாய்த் தாளைச் சாளரமாகப் பாவித்த அந்தப் பையனுக்கு, இத்தனை வருஷங்களுக்குப் பிறகு, அவன் கண்ட காட்சியை உறுதியான பொருளில் செய்து கொடுக்க விரும்பினேன்.

அசலான வண்ணச் சாளரத்தின் லக்ஷணத்தை முதலில் அறிந்துகொண்டேன். அதில் நிறம் என்பது கண்ணாடியின்மேல் பூசப்படுவது மட்டுமன்று. உருகிய கண்ணாடியோடு கோபால்ட் கலந்தால் நீலமும், பொன்னோ செம்போ கலந்தால் சிவப்பும் அதன் சரீரத்துக்குள்ளேயே பிறக்கின்றன. அவ்வாறு பிறந்த துண்டுகளை வேண்டிய வடிவில் வெட்டி, இரு பக்கமும் பள்ளமுள்ள ஈயப் பட்டைகளுக்கு இடையே செருகி, மூட்டுக்குமூட்டு பற்றவைத்துச் சேர்க்கிறார்கள். தூரத்திலிருந்து நோக்குகிறவனுக்கு ஈயக் கோடு வெறும் கறுப்பாகத் தெரியும். பாரத்தைத் தாங்குவதும் அதுவே, ஒரு நிறம் அடுத்த நிறத்தோடு கலந்து மங்கிவிடாமல் காத்து இரண்டையும் சுடர்விடச் செய்வதும் அதுவே. சென்னையில் 1896இல் இன்றைய உருவம் பெற்ற சாந்தோம் பேராலயத்தில், ஒரு முற்பகல் வேளையில் நின்று இதைக் கண்ணாரக் கண்டேன். நமது ஜொகூர் பாருவிலேயே, 1922இல் எளிய வழிபாட்டிடமாகத் தோன்றி, 2009இல் கண்ணாடிக் கோவிலாகப் புதுக்கோலம் பூண்ட ராஜகாளியம்மன் ஆலயத்தில், லட்சக்கணக்கான கண்ணாடித் துண்டுகள் சுவரெங்கும் பதிந்து மின்னுவதையும் பலமுறை தரிசித்திருக்கிறேன். இரண்டும் கண்ணாடியே எனினும் இரண்டின் தர்மமும் வேறு: கோவில் சுவரில் பதிந்த கண்ணாடி ஒளியை வாங்கி நம்மிடமே திருப்பித் தருகிறது, சாளரத்துக் கண்ணாடியோ ஒளிக்கு வழிவிட்டு, அதைத் தன் நிறத்தோடு உள்ளே அனுப்புகிறது.

என் சாளரம் கண்ணாடியே அன்று. முன்பு பள்ளிக்கூடங்களில் ஒளிபாய்ச்சிப் படம் காட்டப் பயன்பட்ட தெளிவான பிளாஸ்டிக் தாளில் மூன்று அங்குலத் துண்டு ஒன்றை வெட்டி, அடியில் கோலம் வரைந்த காகிதத்தை வைத்து, அதன்மேல் கோடு இழுத்து, கோட்டுக்குள் கண்ணாடிச் சாயத்தை நிரப்ப வேண்டும். சொல்வதற்கு இது எளிது. கோடு இழுப்பதற்கென்று குழாயில் அடைத்து விற்கும் கறுப்புப் பசை, எவ்வளவு மெல்லப் பிதுக்கினாலும் இரண்டு மில்லிமீட்டர் பருமனில் வந்து விழுந்தது. ஆறு மில்லிமீட்டர் ஈயப் பட்டையைப் பன்னிரண்டால் வகுத்தால் கிடைப்பது அரை மில்லிமீட்டர். அளவில் நேர்ந்த அந்தச் சிறு பிழையால் என் முதற்சாளரம் சிறைச்சாலைக் கம்பியைப் போல் ஆகிவிட்டது. பிறகு கறுப்புத் தையல் நூலை வெள்ளைப் பசையில் தோய்த்து, இடுக்கியால் பிடித்து, கோட்டின் வழியே படியவைத்துப் பார்த்தேன். அளவு சரியாக அமைந்தது. ஆனால் நூல் முழுதும் ஒட்டாத ஓரிடத்தில், மயிரிழை போன்ற இடைவெளி வழியாகச் சிவப்புச் சாயம் மஞ்சளுக்குள் இரவோடிரவாக ஊர்ந்து, விடியற்காலையில் அந்தக் கட்டம் முழுவதும் காவியாகக் கிடந்தது. அன்றிலிருந்து நூலின் இருகரையிலும் ஊசி முனையால் பசையை அணைத்து, அது காய்ந்த பின்னரே சாயத்தைத் தொடுகிறேன். தூரிகையால் தேய்த்தால் தடம் விழும். ஆகவே ஒரு சொட்டைக் கட்டத்தின் நடுவில் விட்டு, அது தானே பரவி நூலின் கரையில் போய் நிற்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். குமிழி எழுந்தால் குண்டூசியால் உடைத்து, தூசி விழாமல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மூடி, மழைக்காலமானால் இரண்டு இரவுகள் காத்திருக்க வேண்டும்.

காய்ந்த சாளரத்தை எடுத்து முதன்முதலில் வெயிலில் பிடித்தபோதுதான், இத்தொழிலின் சூக்ஷ்மம் எனக்கு விளங்கிற்று. இந்த வீட்டில் கதவைப் பன்னிரண்டால் வகுத்தேன், அம்மியையும் பானையையும் வகுத்தேன், ஈயத்தை நூலாக்கினேன், கண்ணாடியைப் பிளாஸ்டிக் ஆக்கினேன். ஒளியை மட்டும் என்னால் வகுக்க முடியவில்லை. சாந்தோமின் நெடிய சாளரத்தில் நுழைந்த அதே சூரியன், ஒரு குறையுமின்றி, தன் முழுச் சம்பத்தோடு இந்த மூன்று அங்குலத்திலும் நுழைந்தான். என் மேஜைமேல் விழுந்த சிவப்பு உள்ளங்கையளவே ஆனாலும், பொம்மைச் சிவப்பாக இல்லை. முழுச் சிவப்பாகவே இருந்தது. போலி என்று எதைச் சொன்னாலும் பொருளைச் சொல்லலாமே ஒழிய, அதன் வழியே வருகிற பிரகாசத்தைச் சொல்வதற்கில்லை என்று அன்று எனக்கு நிச்சயமாயிற்று.

எங்கள் லயம் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, வாளி சுமந்து திரும்பிய அம்மா, சாய்ந்த வெயில் சட்டங்களின் வழியே வரும் நேரத்தில் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, முறத்தில் அரிசி பொறுக்குவாள். நான் தாள் ஒட்டிய மறுநாள், சிவப்பு வெளிச்சம் நேராக அவள் முறத்தில் விழுந்து, அரிசியெல்லாம் மாதுளை முத்துக்களாயின. “இந்தச் செவப்புல கல்லு எது, அரிசி எதுன்னு ஒண்ணும் தெரியலையே ஐயா” என்றாள். தாளைக் கிழித்துவிடுவாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் தாளைக் கிழிக்கவில்லை. முறத்தோடு ஒரு முழம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். வெயில் நகர நகர, தினந்தோறும், சிவப்பு அண்டாத இடமாகப் பார்த்து அவளும் நகர்ந்துகொண்டே இருந்தாள்.

நேற்று மாலை வீட்டின் வெளிப்புறத்தில், சாளரத்துக்கு நேரே, கடுகளவு எல்.ஈ.டி. விளக்கொன்றைப் பொருத்தி ஏற்றினேன். அடுப்படித் தரையில் சிவப்பு விழுந்தது. ஓலை ஈர்க்கில் முடைந்து வைத்திருந்த சின்ன முறத்தை எடுத்து, அந்தச் சிவப்புக்கு மூன்று விரற்கடை தள்ளி வைத்தேன்.