ஆச்சி தைத்த புத்தகம்

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் மேற்கே பொதிகை தெரியும். ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்ததும் ஆச்சி அரிக்கன் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு 'மோட்சப் பிரயாணம்' வாசிப்பாள். இரண்டு பாகமும் தனித்தனிப் புத்தகங்கள். அட்டை பிய்ந்துபோனதும் கோணி ஊசியால் ஒன்றாகத் தைத்துவிட்டாள். எழுதியவர் பெயர் ஜான் பனியன் என்றதும் நாங்கள் சட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரிப்போம். தன் விசுவாசத்துக்காக இங்கிலாந்தில் ஜெயிலில் கிடந்த மனுசன். 1678-இல் முதல் பாகம் அச்சாயிற்று.

முதுகில் பாவ மூட்டையோடு ஒருவன் அழியப்போகிற ஊரை விட்டு மோட்ச நகரத்துக்கு நடக்கிற கதை. அவன் விழுகிற அவநம்பிக்கைச் சேறு, எங்களுக்குத் தொளி அடித்துப் போட்ட வயல். மோட்சத்துக்கு முன்னால் அவன் கடக்க வேண்டிய ஆறு தாமிரபரணி, சந்தேகமே இல்லை. "அப்பம் அக்கரையில இருக்க கல்லிடைக்குறிச்சிதான் மோட்சமா ஆச்சி?" என்பான் அண்ணன். "அங்க அப்பளம்லா கெடைக்கும்" என்பாள்.

பெரியப்பா தமிழ் வாத்தியார். அவருக்கு இந்த உரைநடை பிடிக்காது. கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, இதே கதையை 'இரட்சணிய யாத்திரிகம்' என்று 3766 பாட்டாகப் பாடினாரே, அதை வாசிக்கக்கூடாதா என்பார். 'நற்போதகம்' மாத இதழில் 13 வருஷம் தொடராக வந்து 1894-இல் நூலான காவியம் அது. வளர்ந்தபிறகு படித்தேன். பெரியப்பா சொன்னது சரிதான். தமிழ் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்தத் திண்ணையில் அது எடுபட்டிருக்காது.

ஆச்சிக்குக் கதாநாயகன் மேல் தீராத கோபம். "பொண்டாட்டி புள்ளயள நட்டாத்துல விட்டுட்டு, கூப்புடுதது கேக்காம காதப் பொத்திக்கிட்டு ஓடுதான் பாரு!" பனியனுக்கே உறுத்தியிருக்க வேண்டும். 1684-இல் இரண்டாம் பாகம் எழுதினார். அதில் அந்த மனைவி நாலு பிள்ளைகளையும், கூட வருகிற பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு அதே வழியில் நடக்கிறாள். வழியில் பிள்ளைக்கு வயிற்றுவலி வருகிறது, மருந்து கொடுக்கிறார்கள், கல்யாணங்கூட நடக்கிறது. ஆச்சியின் புத்தகம் அதுதான்.

சித்தப்பா பம்பாய்க்குப் போய் இரண்டு வருஷம் கடிதமே இல்லாமல் இருந்தபோது மட்டும் முதல் பாகத்துக்குத் திரும்பினாள். ராட்சசன் ஒருவன் கதாநாயகனையும் அவனோடு வழித்துணையாக வந்தவனையும் கோட்டையில் அடைத்துப் போடுகிறான்; அடிக்கிறான்; செத்துப்போங்கள் என்கிறான். நாலாம் ராத்திரி கழிந்து விடிகிற நேரத்தில்தான் கதாநாயகனுக்கு ஞாபகம் வருகிறது: வாக்குத்தத்தம் என்கிற சாவி தன் மார்பிலேயே இருக்கிறது. ஆச்சி வாசிப்பை நிறுத்தி, முந்தானையில் முடிந்திருந்த அரங்குச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். "மடியிலயே கெடந்துருக்கு, மூதிக்குத் தெரியல."

ஒரு அசனப் பண்டிகைக்கு முந்தின நாள், செங்கோட்டை ரயிலில் சித்தப்பா வந்து இறங்கினார். மீட்டர்கேஜ் காலம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சியும் கேட்கவில்லை, குளிக்க வெந்நீர் போட்டாள்.

1992 நவம்பரில் வெள்ளம் வந்தது. ஆற்றங்கரை வீடுகளோடு ஆட்களும் போனார்கள். அப்போது ஆச்சிக்குக் கண் தெரியாது, நான்தான் வாசிப்பேன். கடைசி ஆற்றின் ஆழம், ராஜாவை நம்புகிற அளவைப் பொறுத்தது என்று ஓரிடம் வரும். "நிறுத்துல" என்றாள். "ஆத்தோட போனவங்கள்லாம் நம்பிக்கையில்லாதவங்களா? அந்தப் பக்கத்தத் தள்ளிட்டு வாசி."

தள்ளிவிட்டு இரண்டாம் பாகத்தின் முடிவை வாசித்தேன். மோட்ச நகரத்திலிருந்து தபால்காரன் வருகிறான். பிள்ளைகளோடு நடந்த அந்த மனைவிக்கு அழைப்புக் கடிதம். அடையாளமாக, அன்பால் கூர் தீட்டிய ஓர் அம்பு. ஆச்சி அதை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. முதல் பாகத்தில் சாவி வருகிற தாள் மட்டும் கறுத்திருக்கிறது. இரண்டாம் பாகம் முழுக்க எண்ணெய்க் கறை.