கண்ணகி மலையும் நமது கணுக்காலும்

கம்பம் பள்ளத்தாக்கைக் கண்ணால் காண்பதோடு நாம் நின்றிருக்கலாம். காலாலும் காண ஆசைப்பட்டோம். அதன் பலனை ஓராண்டு அனுபவித்தோம்.

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் செல்லும் சாலையின் இருமருங்கிலும் நெல் வயல்களும், தென்னந்தோப்புகளும், திராட்சைப் பந்தல்களும் மாறி மாறி வருகின்றன. மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றுக்குப் பென்னிகுக் என்னும் பொறியாளர் அணை கட்டி, 1895-ஆம் ஆண்டில் அதன் நீரைக் கிழக்கே திருப்பினார். அந்தப் புண்ணியமே இந்தப் பசுமை.

கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் காட்டு வழி ஏறுகிறது. ஆறு கிலோமீட்டருக்கு மேல் நடை. ஆண்டில் ஒரே நாள், சித்திரைப் பௌர்ணமியன்று மட்டும் பக்தர்களுக்கு அனுமதி. மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரையோடு நடந்து வந்து விண்ணேறிய இடம் இதுவே என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. நாமும் ஏறினோம்; தரிசித்தோம். இறங்கும்பொழுது காலடியில் ஒரு கல் புரண்டது. பாதம் உட்புறமாக மடங்கியது. சிலம்பு அணியும் இடத்திலேயே நமக்குச் சோதனை வந்துவிட்டது!

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. "சுளுக்குத்தானே!" என்று அனைவரும் ஆறுதல் சொன்னார்கள். வீக்கம் சில வாரங்களில் வடிந்தது. வலியோ ஐப்பசி பிறந்தும் அகலவில்லை. அம்மாதம் சுருளி அருவிக்குச் சென்றோம். குழந்தைகள் முன்னே ஓடிவிட்டார்கள். நாம் பாதி வழியிலேயே உட்கார்ந்து, அருவியின் ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். இனி மலையேற்றம் என்பதே நமக்கில்லையோ என்ற அச்சம் அன்றுதான் மனத்தில் புகுந்தது.

ஊர் திரும்பியதும் ஒரு டாக்டர் விஷயத்தை விளக்கினார். கடுஞ்சுளுக்கில் எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் கிழிகின்றன. அவை கூடிய பின்னரும், பாதம் எவ்வாறு ஊன்றுகிறது என்று மூளைக்கு அறிவிக்கும் உணர்ச்சி மந்தமாகவே இருக்கலாம். பயந்து காலுக்கு வேலை கொடாவிட்டால் தசையும் தளரும். கால் மீண்டும் புரளும். ஓராண்டு கழிந்தும் வலி நீங்காதவர்கள் உண்டு. சிலருக்கு மூட்டினுள் குருத்தெலும்பே அடிபட்டிருக்கும். ஆகையால் நீடித்த வலியை மறுபடியும் பரிசோதிக்க வேண்டும்.

நல்லவேளையாக நமக்கு அப்படி ஒன்றுமில்லை. கிடைத்த சிகிச்சை, ஒற்றைக்காலில் தவம்! முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடியாமல்; குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவது வேறு. வீட்டார் கொக்கு என்று சிரித்தார்கள். நாம் விடவில்லை.

மறு சித்திரையில் கைத்தடியுடன் பளியன்குடிக்குப் போனோம். கோயில்வரை செல்லவில்லை. முதல் மேட்டில் நின்று பள்ளத்தாக்கைக் கண்குளிரப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இறங்கும்பொழுது கால் புரளவில்லை. அவ்வாண்டு நமக்குக் கிடைத்த தரிசனம் அதுவே.