ஒன்று வரை பரவாயில்லை

தேடல் மரம் பற்றிப் பாடம் ஆரம்பிக்கும்போது வகுப்பில் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். ஒன்று முதல் ஏழு வரையிலான எண்களை எந்த வரிசையில் கொடுத்தால் மரம் மிக மோசமாக வளரும்? பெரும்பாலானவர்கள் கன்னாபின்னாவென்று கலைத்துப் போட்ட ஒரு வரிசையைச் சொல்வார்கள். கலைந்து கிடப்பதுதான் கெடுதல் என்று நமக்கெல்லாம் சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். விடை 1, 2, 3, 4, 5, 6, 7.

இருகிளைத் தேடல் மரத்தின் சட்டம் எளிது. ஒவ்வொரு கணுவிலும் ஓர் எண் இருக்கும். அதைவிடச் சிறியதெல்லாம் அதன் இடப்பக்கம், பெரியதெல்லாம் வலப்பக்கம். புதிதாக வரும் எண் வேரில் தொடங்கி, ‘நான் சிறியதா, பெரியதா’ என்று கேட்டுக் கேட்டு இறங்கி, காலி இடம் கிடைத்ததும் அங்கே அமரும். (கணினிக்காரர்களின் மரத்தில் வேர் மேலே, இலை கீழே. ஏன் என்று கேட்டால் தாளில் மேலிருந்து கீழே எழுதுவதால்தான் என்று நினைக்கிறேன்.) 1 முதலில் வந்து வேராகிவிட்டால் 2 அதன் வலப்பக்கம் போகும், 3 அதற்கும் வலப்பக்கம். ஏழு வந்து சேரும்போது கிளையே பிரியாத ஒரு கோடுதான் மிஞ்சும். அதில் தேடுவதும் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை படிப்பதும் ஒன்றுதான்.

இது ஏதோ அபூர்வமாக நேரும் விபத்து என்றால் விட்டுவிடலாம். ஆனால் உலகத்தில் தகவல் எப்படி வருகிறது? பில் எண், டோக்கன் எண், சேர்க்கை எண், தேதி எல்லாமே ஏறுவரிசையில்தான் வருகின்றன. எண்களை நன்றாகக் குலுக்கிப் போட்டால் இந்தச் சாதாரண மரமே ஒழுங்காக வளரும். சராசரியாகப் பார்த்தால், கச்சிதமான மரத்தைவிடச் சுமார் நாற்பது விழுக்காடு கூடுதல் ஒப்பீடுகள்தான் ஆகும். குலுக்கிய தகவலில் நன்றாக நடந்து, அடுக்கிய தகவலில் படுத்துவிடும் ஒன்றை வைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்தை நடத்த முடியாது.

அப்படியானால் மரமே வேண்டாம், எண்களை வரிசையாக அடுக்கி வைத்து நடுவில் பிளந்து பிளந்து தேடலாமே என்று தோன்றும். தேடலாம். பத்து லட்சம் எண்களில் ஒன்றை இருபது ஒப்பீடுகளில் கண்டுபிடித்துவிடலாம், ஏனென்றால் இரண்டை இருபது முறை பெருக்கினால் 10,48,576. சிக்கல் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போதுதான் வரும். பந்தி நடக்கும்போது நடு வரிசையில் ஒருவரை உட்கார வைக்க வேண்டுமானால், அவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லாரும் இலையைத் தூக்கிக்கொண்டு ஓர் இடம் நகர வேண்டும். தேடவும் வேகம் வேண்டும், சேர்க்கவும் நீக்கவும் வேகம் வேண்டும் என்றால் மரத்துக்குத்தான் திரும்பி வர வேண்டும். அந்த மரம் கோடாகிவிடாமல் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதைச் செய்து காட்டியவர்கள் சோவியத் கணிதர்கள் இருவர்: கியார்கி அடெல்சன்-வெல்ஸ்கி, எவ்கெனி லாண்டிஸ். 1962இல் சோவியத் அறிவியல் கழகத்தின் இதழில் நான்கே பக்கங்களில் எழுதினார்கள். லாண்டிஸின் சொந்தத் துறை பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள். அடெல்சன்-வெல்ஸ்கியின் மனம் சதுரங்கத்தின் பக்கம் போனது. 1966-67இல் தந்தி வழியே நடந்த போட்டியில் ஸ்டான்ஃபோர்டு நிரலை 3-1 என்று தோற்கடித்த மாஸ்கோ நிரலை உருவாக்கிய குழு அவருடையது. அதன் வாரிசான ‘கைஸ்ஸா’ 1974இல் ஸ்டாக்ஹோமில் கணினிகளுக்கான முதல் உலகச் சதுரங்கப் போட்டியை வென்றது. இருவரின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் இன்றும் அவர்களின் மரத்தை ஏவிஎல் மரம் என்கிறோம்.

எங்கள் காலத்தில் இது பதினாறு மார்க் கேள்வி. எல்எல், ஆர்ஆர், எல்ஆர், ஆர்எல் என்று நான்கு சுழற்சிகள், நான்குக்கும் படம். படத்தை மனப்பாடம் செய்து வரைந்தால் மார்க் விழுந்துவிடும். ஏன் சுழற்ற வேண்டும் என்று வினாத்தாள் கேட்டதில்லை, நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை. ஆசிரியையாக வந்தபின் ஒரு மாணவிதான் அதைக் கேட்டாள், அதுவும் வேறொரு முனையிலிருந்து.

ஏவிஎல் மரத்தின் விதி இது: எந்தக் கணுவை எடுத்தாலும் அதன் இடக்கிளை உயரத்துக்கும் வலக்கிளை உயரத்துக்கும் உள்ள வேறுபாடு ஒன்றைத் தாண்டக் கூடாது. அதைக் கரும்பலகையில் எழுதி முடித்ததும் அவள் எழுந்தாள். “மேம், எதுக்கு ஒன்னு வரைக்கும் விடணும்? எப்பவுமே எவ்வளவு குட்டையா இருக்க முடியுமோ அவ்வளவு குட்டையாவே வெச்சுக்கிட்டா என்ன?”

நல்ல கேள்வி. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதைத் தொடாமலே போய்விடுகின்றன. பலகையில் ஆறு எண்களைக் கொண்டு ஒரு மரம் வரைந்தேன். வேரில் 5. இடப்பக்கம் 3, அதன் கீழ் 2, 4. வலப்பக்கம் 7, அதன் கீழ் இடப்பக்கம் மட்டும் 6. மூன்று நிலைகள். ஆறு எண்களை இதைவிடக் குட்டையாக வைக்க முடியாது. இப்போது 1 வருகிறது. ஏழு எண்களுக்கும் மூன்று நிலைகளே போதும். ஆனால் அதற்கு ஒரே ஒரு வடிவம்தான் உண்டு. வேரில் 4, அடுத்து 2, 6, அடியில் 1, 3, 5, 7. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேரில் இருந்த 5 அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. அடியில் இருந்த 4 வேராகிவிட்டது. 3, 7 இரண்டும் இறங்கின. 2, 6 இரண்டும் ஏறின. பழைய இடத்தில் நிற்கும் எண் ஒன்றுகூட இல்லை. ஒருவர் வந்ததற்கு ஊரையே காலி செய்திருக்கிறோம். ஏழுக்கே இப்படி என்றால் பத்து லட்சத்துக்கு என்ன ஆகும் என்று அவளே சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஏவிஎல் மரம் இதே நிலையில் என்ன செய்யும்? 1 வந்து 2க்குக் கீழே இடப்பக்கம் அமரும். 2இல் வேறுபாடு ஒன்று. 3இல் ஒன்று. 5இல் ஒன்று. எங்கும் இரண்டு இல்லை. ஆகவே எதையும் தொடாது. மரம் நான்கு நிலையாகிறது, சற்றே இடப்பக்கம் கனத்து நிற்கிறது, அவ்வளவுதான். அந்த இரண்டு கணிதர்களின் சாமர்த்தியம் சுழற்சியைக் கண்டுபிடித்ததில் இருப்பதாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ எவ்வளவு கோணலைச் சகித்துக்கொள்ளலாம் என்று அளந்து சொன்னதில்தான் அது இருப்பதாகப் படுகிறது.

சகித்துக்கொள்ளச் சகித்துக்கொள்ளக் கோணல் பெருகிவிடாதா என்ற அடுத்த சந்தேகத்துக்கு அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கணுவிலும் சலுகையை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டு, இருப்பதிலேயே ஒல்லியாக வளர்ந்த ஏவிஎல் மரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நிலைக்கு ஒரு கணு, இரண்டு நிலைக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 7, ஐந்துக்கு 12, ஆறுக்கு 20. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பார்த்தால் 2, 3, 5, 8, 13, 21. ஃபிபொனாச்சி எண்கள்! ஒவ்வொரு மரமும் தனக்கு முந்தைய இரண்டு மரங்களைக் கிளைகளாக வைத்துக்கொண்டு, மேலே ஒரு வேரைப் போட்டுக்கொள்வதால் வருகிற வரிசை இது. இந்த எண்கள் வேகமாகப் பெருகுபவை என்பதால் மரம் ரொம்ப உயரமாக வளர வழியே இல்லை. 29 நிலைகள் வேண்டுமானால் குறைந்தது 13,46,268 கணுக்கள் தேவை. எனவே பத்து லட்சம் எண்கள் கொண்ட ஏவிஎல் மரம் எவ்வளவு கெட்டாலும் 28 நிலைகளைத் தாண்டாது. கச்சிதமான மரத்துக்கு 20, படுமோசமான ஏவிஎல் மரத்துக்கு 28. நடுவில் உள்ள எட்டுதான் நாம் கொடுக்கும் விலை.

வேறுபாடு இரண்டாகும்போதுதான் சுழற்சி வருகிறது. 1, 2, 3 வரிசையாக வந்து நின்றால் 2 மேலே ஏறும், 1 இறங்கி அதன் இடப்பக்கம் போகும். 2க்கு ஏற்கெனவே இடப்பக்கம் ஒரு கிளை இருந்தால், அதிலுள்ளவை எல்லாம் 1க்கும் 2க்கும் இடைப்பட்டவை. அவை 1இன் வலப்பக்கம் மாறிக்கொள்ளும். அதிகபட்சம் மூன்று இணைப்புகள்தான் மாறுகின்றன. மரத்தை இடமிருந்து வலமாக வாசித்தால் சுழற்சிக்கு முன்பும் பின்பும் அதே வரிசை. புது எண் ஒன்று நுழையும்போது இப்படி ஓர் இடத்தில் சரிசெய்தால் போதும், அந்தக் கிளையின் உயரம் பழையபடி ஆகிவிடும்; அதற்கு மேலே இருப்பவற்றுக்கு ஏதோ நடந்ததே தெரியாது. ஆரம்பத்தில் சொன்ன 1 முதல் 7 வரையிலான வரிசையை ஏவிஎல் மரத்தில் போட்டுப் பாருங்கள், வேரில் 4 நிற்க மூன்றே நிலைகளில் முடிந்துவிடும். நீக்கும்போது மட்டும் கொஞ்சம் தொல்லை. சரிசெய்த கிளை குட்டையாகிவிடலாம், அதனால் மேலே ஒன்று சாயலாம், இப்படியே வேர் வரை போகலாம்.

இந்தத் தொல்லையைக் குறைக்க இன்னும் தாராளமான மரம் ஒன்று வந்தது. ருடால்ஃப் பேயர் 1972இல் போட்ட அடித்தளத்தின் மேல் லியோ கிபாஸ், ராபர்ட் செட்ஜ்விக் இருவரும் 1978இல் எழுப்பிய சிவப்பு-கறுப்பு மரம். உயரத்தைக் கணக்கு வைக்காது. கணுக்களுக்கு நிறம் பூசும். சிவப்புக்குக் கீழே சிவப்பு வரக் கூடாது. எந்த வழியாக இறங்கினாலும் கறுப்புகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். இதனால் மிக நீண்ட வழி, மிகக் குறுகிய வழியைப் போல இரு மடங்குக்கு மேல் போகாது. பத்து லட்சம் எண்களுக்கு 28க்குப் பதில் நாற்பதை நெருங்கலாம். பதிலுக்கு, சேர்க்கும்போது இரண்டு சுழற்சிகள், நீக்கும்போது மூன்று, அதற்கு மேல் கிடையாது. வகுப்பில் நடத்துவதற்கு இதைப்போல அலுப்பூட்டும் பாடம் வேறில்லை. தனித்தனி நிலைமைகள் வந்துகொண்டே இருக்கும். ஆனால் வேலைக்கு அமர்த்திக்கொண்டது இதைத்தான். ஜாவாவின் ட்ரீமேப் இது. லினக்ஸ் இயங்குதளம் 2007 முதல், அடுத்து எந்தச் செயலுக்கு நேரம் கொடுப்பது என்பதை இந்த மரத்தில்தான் வைத்திருக்கிறது. 2023இல் யாருக்கு முன்னுரிமை என்கிற கணக்கை மாற்றினார்கள், மரத்தை மாற்றவில்லை. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களின் சட்டைப் பையிலும் இது சுழன்றுகொண்டுதான் இருக்கிறது.

தாராளத்தின் எல்லைக்கே போன மரமும் உண்டு. 1985இல் டேனியல் ஸ்லீட்டரும் ராபர்ட் டார்ஜனும் எழுதிய ஸ்ப்ளே மரம். அதற்கு உயரக் கணக்கும் இல்லை, நிறமும் இல்லை, எவ்வளவு வரை பொறுக்கலாம் என்ற அளவும் இல்லை. எந்த எண்ணைத் தேடினாலும் அதைச் சுழற்றிச் சுழற்றி வேருக்குக் கொண்டு வந்துவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. ஏதோ ஒரு நேரத்தில் அது ஒரே கோடாக நின்றாலும் நிற்கும். அப்போது ஒரு தேடல் மாட்டிக்கொண்டால் மரம் முழுக்க இறங்க நேரலாம். ஆனால் அந்த ஒரு தேடல் போகும் வழியிலேயே மரத்தைப் பாதி நிமிர்த்திவிடும். நெடுங்கணக்கில் பார்த்தால் ஏவிஎல்லுக்கு இணையாகவே ஓடும். ஒரே சில எண்களைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்களுக்கு அதையும் முந்தும்.

எவ்வளவு நன்றாக ஓடும் என்பதற்கு அந்த இருவரும் அதே கட்டுரையில் ஓர் ஊகத்தை வைத்தார்கள். இனி என்னென்ன எண்களைக் கேட்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த, தன்னை எப்படி வேண்டுமானாலும் சுழற்றிக்கொள்ளக்கூடிய ஒரு மரத்தோடு போட்டியிட்டாலும், எதிர்காலம் எதுவும் தெரியாத ஸ்ப்ளே மரம் ஒரு குறிப்பிட்ட மடங்குக்கு மேல் பின்தங்காது என்பது அது. இருபது ஆண்டுகள் கழித்து டேங்கோ மரம் என்ற வேறொன்று அந்த எல்லையின் பக்கத்தில் வந்தது, தொடவில்லை. ஸ்ப்ளே மரம் பற்றிய ஊகத்தை இதுவரை யாரும் நிரூபிக்கவும் இல்லை, பொய்யென்று காட்டவும் இல்லை. கடைசி பெஞ்சில் சும்மா இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இதை எழுதிப் போட்டுவிட்டு வருவது என் வழக்கம்.