வண்டி எழுதும் நாட்குறிப்பு

சிவகாசி என்றதும் உலகினருக்கு நினைவில் எழுவது பட்டாசு. இவ்வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கோ தீப்பெட்டியும் அச்சகமும் சேர்ந்தே நினைவில் எழும். நாடெங்கும் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளும் மேசைகளில் கிடக்கும் நாட்குறிப்பேடுகளும் பெருமளவில் இங்கு அச்சாகின்றவை. நாட்குறிப்பேட்டை விற்பவர் வெற்றுத் தாள்களையே விற்கிறார். அதில் எதை எழுதுவது, எதை எழுதாது விடுவது, யாருக்குக் காட்டுவது என்பனவெல்லாம் வாங்கியவரின் உரிமை. அண்மையில் நான் வாங்கிய பொருளொன்று தானே நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தது. அதை நான் படித்துவிட்ட பிழையையும், அப்பிழை கற்பித்த பாடத்தையும் இங்கு எழுதுகிறேன்.

என் அத்தா விருதுநகரில் வாடகைக் கார் ஓட்டியவர். மிளகாய் வற்றல் வியாபாரிகள், பட்டாசு வாங்க வந்த வடநாட்டார், மதுரைக்கு வைத்தியத்துக்குச் செல்வோர், பெண் பார்க்கப் புறப்படுவோர் என எத்தனையோ பேர் அவருடைய அம்பாசிடரில் ஏறி இறங்கினர். ஒருநாள் கடைவீதிக்காரர் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "நேத்து அவர மதுரையில எங்க எறக்கிவிட்டீங்க பாய்?" என்று கேட்டார். கடன் கொடுத்தவர் போலும். அத்தா சிரித்துக்கொண்டே, "வண்டியில ஏறுனவங்க சேதி வண்டியோட போச்சு மொதலாளி. அது அமானிதம்" என்றார். வந்தவர் முகம் கறுத்துத் திரும்பினார். "தெரிஞ்சதச் சொன்னா என்ன அத்தா?" என்று கேட்டேன். "அவரு குடுத்தது வாடகை மட்டும் இல்லப்பா" என்றதோடு அவர் முடித்துக்கொண்டார்.

சென்ற ஆண்டு, ஒருவர் பயன்படுத்திய கார் ஒன்றை விலைக்கு வாங்கினேன். விற்றவர் விரைவில் பணம் வேண்டுமென்றார். அவருடைய அவசரத்தை உணர்ந்துகொண்ட நான் பேரம் பேசிப் பதினைந்தாயிரம் ரூபாயைக் குறைத்தேன். வெற்றி பெற்றவனைப் போல வீடு திரும்பினேன்.

மறுநாள் வண்டியின் திரையைத் தொட்டபோது முந்தைய உரிமையாளரின் கைப்பேசித் தொடர்புகள் வரிசையாக எழுந்தன. அவர் சென்ற இடங்களின் பட்டியலும் இருந்தது. 'வீடு', 'கடை' என்பவற்றுக்குக் கீழே ஒரு மருத்துவமனையின் பெயர் மீண்டும் மீண்டும் வந்தது. இது என் ஏடன்று என்று அறிந்தும் கடைசி வரி வரை படித்தேன். அவர் ஏன் அவசரப்பட்டார் என்பது அப்போது விளங்கிற்று. விலை பேசும்போது இதை அறிந்திருந்தால் கேட்ட விலையைக் கொடுத்திருப்பேனா, இன்னும் குறைத்திருப்பேனா? இவ்வினாவுக்கு என் உள்ளம் உடனே விடை கூறவில்லை. அத்தயக்கமே என்னை அச்சுறுத்தியது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவரைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைக் கூறினேன். சிறிது நேரம் மௌனம். பிறகு, "பாத்துட்டீங்களா சார்?" என்றார். பொய் சொல்ல நா எழவில்லை. மன்னிப்புக் கேட்டேன். குறைத்த தொகையை அனுப்பிவிடுவதாகவும் சொன்னேன். "வேணாம் சார். பேசுன வெல பேசுனதுதான். எரக்கப்பட்டு யாரும் குடுத்துடக் கூடாதுன்னுதான் இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. வீட்லயே தெரியாது" என்றார். அவருடைய இசைவைப் பெற்ற பின்னரே இதனை எழுதுகிறேன். அவர் பெயரோ ஊரோ நோயோ இங்கு இடம்பெறா.

திரையில் நின்ற செய்தியை என்னால் அழிக்க முடிந்தது. திரையைக் கடந்து சென்ற செய்தியை யார் அழிப்பது? 2019ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுச் சந்தையிலும் சிம் உள்ளேயே பொருத்தப்பட்ட கார்கள் பரவலாக வரத் தொடங்கின. வண்டி இருக்குமிடம், வேகம், திடீரெனப் பிரேக் பிடித்தல் போன்ற செய்திகளை அவை நிறுவனத்தின் கணினிக்கு அனுப்ப வல்லவை. மொசில்லா அறக்கட்டளை 2023 செப்டம்பரில் 25 கார் நிறுவனங்களின் தனியுரிமைக் கொள்கைகளை ஆராய்ந்து வெளியிட்டது. அத்தேர்வில் ஒன்றேனும் தேறவில்லை. அவற்றுள் 19, வாடிக்கையாளரின் செய்திகளை விற்கக்கூடும் என்று தம் கொள்கையிலேயே கூறியிருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஓட்டுநரின் இருப்பிடத்தையும் ஓட்டும் முறையையும் சில வேளைகளில் மூன்று விநாடிக்கு ஒருமுறை திரட்டி, தக்க இசைவின்றி விற்றது என்று அமெரிக்க வணிக ஆணையம் 2025 சனவரியில் குற்றஞ்சாட்டியது. அச்செய்திகள் காப்பீட்டுக் கட்டணத்தை உயர்த்தவும் பயன்பட்டன. எனக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்ப் பேரத்தில் தோன்றிய சோதனை, அங்கே ஒரு வணிகமாகவே நடந்திருக்கிறது.

இது கடல் கடந்த கதை மட்டுமன்று. வாகனப் பதிவுச் செய்திகளை மொத்தமாக விற்கும் கொள்கையை நம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2019இல் வகுத்தது. வாகன, ஓட்டுநர் உரிமப் பதிவேடுகளைத் தனியார் நிறுவனங்கள் 87 அணுக இசைவளித்து, ஏறக்குறைய 65 கோடி ரூபாய் ஈட்டியதாக அவ்வாண்டே மாநிலங்களவையில் கூறப்பட்டது. செய்திகள் தவறாகப் பயன்படலாம் என்ற அச்சத்தால் 2020இல் அக்கொள்கை கைவிடப்பட்டது. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்டு 24இல் தீர்ப்பளித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அச்சட்டத்தின் உயிர்நாடி 'ஒப்புதல்' என்னும் ஒரு சொல்லே.

அச்சொல் நமக்குப் புதிதன்று. அனுமதி பெறாமல் பிறர் இல்லத்தில் நுழைவதை அந்-நூர் அத்தியாயமும், பிறரைத் துருவி உளவறிவதை அல்-ஹுஜுராத் அத்தியாயமும் விலக்கியுள்ளன. ஒற்றாடலுக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரும் அதனை அரசியலில் வைத்தாரேயன்றி வணிகத்தில் வைத்தாரில்லை. அங்கும் ஓர் ஒற்றர் கூறுவதை மற்றோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்கச் சொன்னார். நம் செயல்களைப் பதியும் கண்ணியமிக்க வானவர்கள் உண்டென்பது நம் நம்பிக்கை. அவர்கள் எழுதும் ஏடு மறுமையில் அவரவர் கையில் அளிக்கப்படும். அது எவருக்கும் விற்கப்படுவதில்லை.

கருவியை வெறுப்பது என் நோக்கமன்று. களவுபோன வண்டியைக் கண்டுபிடிக்கவும், விபத்தில் சிக்கியவருக்கு உதவி அழைக்கவும் இந்நுட்பம் துணை செய்கிறது. வாடகை வண்டியில் ஆபத்துப் பொத்தானும் இருப்பிடங்காட்டியும் இருப்பது தனியே பயணம் செய்யும் பெண்மணிக்குக் காவலே. அறிந்தவர் அறிந்ததை எதற்காகப் பெற்றாரோ அதற்காக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதே என் கோரிக்கை. அமானிதம் என்பதும் அதுவே.

மாணாக்கச் செல்வங்களே, உங்களுள் பலர் நாளை கணினித் துறைக்குச் செல்வீர்கள். சிலர் இத்தகைய செய்திகள் குவியும் இடத்திலேயே அமர்வீர்கள். அங்கே ஒவ்வொரு வரிக்குப் பின்னும் வீட்டாருக்கும் சொல்லாத துயரத்தோடு ஒருவர் இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள். பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: வண்டியை விற்குமுன் பதிவுப் புத்தகத்தோடு அதன் நினைவையும் கவனியுங்கள். கைப்பேசி இணைப்பை நீக்கி, பட்டியல்களை அழித்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

அத்தா இன்று இல்லை. எட்டூர்வட்டம் சுங்கச்சாவடியில் நிற்கும்போது, என் கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக் வில்லை நான் கடந்த நேரத்தைப் பதிகிறது. ஒவ்வொரு முறையும், வாசலில் நின்று சிரித்த அந்த முகம் நினைவுக்கு வருகிறது. அவர் எத்தனையோ பேரின் போக்குவரத்தை அறிந்திருந்தார். அவற்றுள் ஒன்றைக்கூட எங்களிடம் சொல்லாமலே மண்ணறைக்குச் சென்றார். அந்த அமானிதத்தைப் பேணும் ஆற்றலை இறைவன் நமக்கும் அருள்வானாக.